வெள்ளிக்கிழமை கட்டாத வரி

“இன்னைக்கு என்னா கிழமைன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?”

“வெள்ளிக்கிழமைங்க.”

“தெரிஞ்சுகினே கல்லாவைத் தொறக்கச் சொல்றியே, கொழுப்பா உனக்கு?”

“கடைசி நாளும் இன்னைக்குத்தாங்க மொதலாளி. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவாங்க. அஞ்சு மாச வரி நிக்குது. இனிமே டைம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குக் கட்டலைன்னா கடையோட வரி நம்பரையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் கார்த்திகை தீபத்துக்கு சரக்கு எறக்க முடியாது, ஒரு பில்லு போட முடியாது.”

“நாளைக்குக் கட்டு.”

“நாளைக்கு ஆபீஸ் லீவுங்க.”

“அப்போ திங்கக்கிழமை கட்டு. கவர்மென்ட்டு எங்க ஓடிப் போவுது? நம்ம மலை மாதிரி அங்கயேதான் குந்தினு இருக்கப் போவுது.”

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிச் சிரித்தவர் கண்ணாயிரம். திருவண்ணாமலை தேரடித் தெருவில் ‘உண்ணாமலை பாத்திர மாளிகை’யை நடத்துகிறவர். மாளிகை என்பது பெயர்ப் பலகையில் மட்டும்தான். உள்ளே இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் அண்டாவுக்குள்தான் நிற்க வேண்டும். எதிரில் நின்று திட்டு வாங்கியவர் ராமகிருஷ்ணன். அந்தத் தெருவின் நாலைந்து கடைகளுக்குக் கணக்கெழுதி வயிறு வளர்ப்பவர். எந்த வரியை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதலாளி முகம் சுளித்தால் தெரிந்ததை எல்லாம் விழுங்கிவிடவும் தெரியும். ஐந்து மாதங்களாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாயிரத்தின் கொள்கை எளிமையானது. செவ்வாயும் வெள்ளியும் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக் கூடாது, போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். அந்தத் தெருவில் பலருக்கும் இருக்கிற நம்பிக்கைதான். ஆனால் மற்றவர்கள் அதற்கேற்றாற்போல் முதல் நாளே கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். கண்ணாயிரமோ அந்த நம்பிக்கையை ஒரு பண்ணையைப் போல வளர்த்து விரிவாக்கியிருந்தார். இந்த வாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை கார்த்திகை மாதப் பிறப்பு, முதல் நாளே காசு வெளியே போனால் மாதம் முழுக்கப் போகும். செவ்வாய் சொல்லவே வேண்டாம். புதன்கிழமை ராகு காலம் முடிவதற்குள் பசி வந்துவிட்டது, சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிட்டது. வியாழன் அமாவாசை, கடைக்குப் பூசணிக்காய் உடைக்கிற நாள். இன்று வெள்ளி. சனியும் ஞாயிறும் அரசாங்கத்துக்கே விடுமுறை. இப்படி அரசாங்கமும் ஆண்டவனும் கூடிப் பேசி அவரை வரி கட்டவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காசு உள்ளே வருவதற்கு மட்டும் எந்த நாளும் ஆகாத நாளில்லை. ராகு காலத்தில் வந்த நோட்டுகூட எமகண்டத்துக்குள் அவருடைய கண்ணில் ஒற்றப்பட்டு உள்ளே போய்விடும்.

அன்று காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி மகளின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். வேர்க்கடலை விற்ற காசை வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருந்தார். குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் தராசில் ஏறி இறங்கின. பில்லைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“இன்னாங்க மொதலாளி, கீழே தனியா ஏதோ ஜாஸ்தியா போட்டுக்கீறீங்க?”

“அது வரிங்க.”

“கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன். பொண்ணு கல்யாணம்.”

கண்ணாயிரம் நெஞ்சில் கை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நாட்டுப்பற்று அவருடைய உடலில் ஏறுவதைக் கடையில் இருந்தவர்கள் கண்ணால் பார்க்க முடிந்தது.

“என் காசா இருந்தா இப்பவே வுட்டுக் குடுத்துடுவேன். இது கவர்மென்ட்டு காசு. இதுல நான் கை வச்சா அது பாவம். நீங்க குடுக்கற இந்த வரியிலதாங்க ரோடு போடறான், ஆஸ்பத்திரி கட்டறான். எங்களுக்கு இதுல ஒரு பைசா கிடையாது.”

விவசாயி வெட்கப்பட்டுப் போனார். முடிச்சை அவிழ்த்து முழுத் தொகையையும் கொடுத்தார். கண்ணாயிரம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, ரோட்டையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கல்லாவில் போட்டுப் பூட்டினார். ராமகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டு பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

மகளுக்கு இன்னொரு சொம்பு பார்க்கலாம் என்று விவசாயி அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில் இராமலிங்கம் உள்ளே நுழைந்தான். வரி அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் அவன் தொழில் செய்யும் இடம். அலுவலகத்துக்குள் அவனுக்கு நாற்காலி கிடையாது, வேலை கிடையாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரையும் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவன் போலப் பேசுவான்.

“மொதலாளி, இந்த வாட்டி கொஞ்சம் கஷ்டம். புது ஆபீசரு. ஆனா நான் இருக்கறேன், நீங்க ஏன் பயப்படறீங்க? உள்ள குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டா இன்னும் ஒரு மாசம் தள்ளிடலாம்.”

“வெள்ளிக்கிழமையாச்சே இராமலிங்கம்.”

“எனக்குத் தெரியாதா? வழக்கம்போல பண்ணிடுங்க.”

வழக்கம் இதுதான். கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் இருந்த எடைக்கல்லுக்கு அடியில் வைத்தார். பிறகு முகத்தைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த லட்சுமி படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் கைகூப்பி முடிப்பதற்குள் எடைக்கல்லுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவர் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, இராமலிங்கம் எதையோ கண்டெடுத்தான், அவ்வளவுதான். செல்வத்துக்கெல்லாம் அதிபதியான தெய்வத்துக்கு இந்தச் சின்னத் தந்திரம்கூடப் புரியாது என்று அவர் மனதார நம்பினார். வரியை வெள்ளியன்று கட்டக் கூடாது, லஞ்சத்தை வெள்ளியன்று தொலைக்கலாம். அவருடைய பக்தியின் முழு உயரமும் அந்த எடைக்கல்லின் உயரம்தான்.

அப்போதுதான் வாசலில் உண்ணாமலை வந்து நின்றாள். கண்ணாயிரத்தின் மனைவி. கடைப் பலகையில் இருப்பது அவள் பெயர் என்றாலும் கடைக்குள் அவள் கால் வைப்பது ஆயுத பூஜைக்குப் பொரி கொண்டுவரும்போது மட்டும்தான். முகமெல்லாம் வியர்வை, புடவையெல்லாம் புழுதி.

“கை கால் விழுந்தவ பஸ் ஏறி, நடந்து வந்திருக்கேன்” என்றாள். “உக்கார ஒரு ஸ்டூலாவது போடுங்க.”

கண்ணாயிரத்தின் கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்தன.

“என்னா பேசற நீ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடைக்கு வந்து...”

“நான் வாயால சொல்லக் கூடாது. நீங்க ஆளு வச்சு சொல்லலாம், இல்லீங்களா?”

அவள் ராமகிருஷ்ணன் எழுந்து கொடுத்த ஸ்டூலில் உட்காரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

“காலைல ஆபீசுலேர்ந்து ஒரு ஆளு வந்து நம்ம வூட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. தெருவே வந்து படிச்சுது. உண்ணாமலைங்கற ஆளு அஞ்சு மாசமா சர்க்காருக்கு வரி கட்டலையாம். எதிர் வூட்டு பச்சையம்மா என்னைப் பாத்து, ‘ஏன்க்கா, நீயா?’ங்கறா. கடை என் பேர்ல இருக்குதுன்னு எனக்கே அப்பத்தான் தெரியும். கேஸ் கனெக்‌ஷனுக்குன்னு சொல்லி கையெழுத்து வாங்கினீங்களே, அது இதுக்குத்தானா?”

“வருமானத்தைப் பிரிச்சுக் காட்டணும்னு... அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“புரிஞ்சுக்கலாம்னுதான் நானே வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினேன். வரி ஆபீஸு ஜன்னல்ல ஒரு பொண்ணு இருந்துது. பேரு கேட்டுது, சொன்னேன். சேரை வுட்டு எழுந்து நின்னுடுச்சு. ‘அம்மா, நீங்க நடக்கறீங்களா?’ன்னு கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. ‘மாசாமாசம் ஒருத்தரு வந்து அழுவாரும்மா, உங்களுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை, எடுத்துக் குடுக்க ஆளில்லன்னு. பாவமேன்னு நாங்களும் டைம் குடுத்துனே வந்தோம்’னு சொல்லுது. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் எட்டி எட்டி என் காலைப் பாக்கறாங்க.”

விவசாயி கையிலிருந்த சொம்பைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

கண்ணாயிரம் இராமலிங்கத்தைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்கு முதலில் வலித்தது வேறு இடத்தில்.

“டேய், அழுதுதான் டைம் வாங்கினியா? அப்போ உள்ள குடுக்கறேன்னு மாசாமாசம் எடுத்துனு போனியே, அது?”

“நான் எங்க மொதலாளி எடுத்தேன்? நீங்க எங்க குடுத்தீங்க? உங்க கையால நீங்க ஒரு நாளும் எனக்குக் குடுத்ததே இல்லையே!” இராமலிங்கம் பல்லைக் காட்டினான். “பக்கவாதம்னு சொல்லச் சொன்னதும் நீங்கதான். ஆடி வெள்ளி, இதே எடம். ஜுரம்னு சொன்னா ஒரு வாரம்தான் தாங்கும், பக்கவாதம்னா வருசக்கணக்கா ஓட்டலாம்னீங்களா இல்லியா? ஐடியா உங்களுது, அழுகை மட்டும்தான் என்னுது. வரட்டுங்களா? டீ ஆறிடும்.”

அவன் போய்விட்டான். தேர்த் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்குள், குளத்தில் விழுந்த தவளைபோல மறைந்துவிட்டான்.

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தி மனைவியிடம் நெருங்கினார். இப்படிப்பட்டவர்களின் வெட்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. அடுத்த கணக்கைப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

“இத பாரு உண்ணா. அவங்களே பாவப்பட்டு டைம் குடுத்துனு இருக்கறாங்க. நீ பாட்டுக்குப் போய் நின்னு கெடுத்துட்ட. பரவால்ல. இப்பவும் ஒண்ணும் கொறைஞ்சு போவல. பக்கவாதம் வந்துது, நம்ம அண்ணாமலையார் புண்ணியத்துல எழுந்து நடக்கறேன்னு திங்கக்கிழமை போயி ஒரு வார்த்தை சொல்லிடு. காலை லேசா இழுத்து நடந்தா போதும்.”

ராமகிருஷ்ணன் அதுவரை வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே போய், வரி கட்டும் சலானை உண்ணாமலையின் முன்னால் வைத்தார்.

“இதுல நீங்க கையெழுத்துப் போடணும்மா. அஞ்சு மாசமா நான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

“யோவ்!” என்றார் கண்ணாயிரம்.

உண்ணாமலை பேனாவை வாங்கினாள். சலானைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அந்தக் கடையின் முதலாளி அந்தக் கடைக்காகத் தெரிந்து போட்ட முதல் கையெழுத்து அது.

“இன்னைக்கு லச்சுமி நாளுடி” என்றார் கண்ணாயிரம். இப்போது அவர் குரலில் கெஞ்சல் வந்திருந்தது. “கல்லாவைத் தொறந்து அள்ளிக் குடுத்தா குடும்பம் வெளங்குமா?”

“பொண்டாட்டிக்குக் கை கால் விழுந்துடுச்சுன்னு ஆடி வெள்ளியில சொன்னப்போ வெளங்குச்சு, இப்ப வெளங்காதா?” என்றாள் உண்ணாமலை. அலமாரி ஓரத்தில் நின்ற விவசாயியைக் கையால் காட்டினாள். அவர் பில்லை மடிக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். “அவரு கையில இருக்கற பில்லுல வரின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது யாரு காசு? அவரு சர்க்காருக்குக் குடுக்கச் சொல்லி நம்ம கையில குடுத்தது. நடுவுல நாம தபால்காரன் மாதிரி. மணியார்டரைக் கொண்டுபோய் சேக்காம, நாள் சரியில்லன்னு தன் வூட்டுப் பொட்டியில வச்சுக்கற தபால்காரனை என்னான்னு சொல்லுவாங்க? அது பக்தி இல்லீங்க, திருட்டு. கட்ட வேண்டியதைக் கெடுவுக்குள்ள கட்டிட்டா அந்த நாள்தான் நல்ல நாளு. கெடு தாண்டிப் போனா அப்புறம் எந்தப் பஞ்சாங்கத்துலயும் நமக்கு நல்ல நாள் கிடையாது. நாள் தள்ளத் தள்ள ஒரு பொய் சொல்லணும், பொய் சொல்ல ஒருத்தனுக்குக் காசு குடுக்கணும், கடைசில கட்டின பொண்டாட்டியையே நொண்டியாக்கணும்.”

விவசாயி மெதுவாகத் தலையாட்டினார். ராமகிருஷ்ணன் சலானை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுக்கத் தயாராக வாசற்படியில் போய் நின்றார்.

கண்ணாயிரம் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை வலது கையால் பொத்திக்கொண்டார். வயிற்று வலி வந்தவர்போல நின்றார். லட்சுமி படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பார்க்காமல் விட்டது மனைவியின் முகத்தை மட்டும்தான்.

உண்ணாமலை அவருக்கு முன்னால் வந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“கல்லாச் சாவியைக் குடுங்க.”