சம்பந்திக்கு ஒரு மேசை

மொனாக்கோவில் வெளியே சாப்பிட இடத்துக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் உணவகத்தின் வெள்ளை மேசைவிரிப்பில்தான் விழ வேண்டும். இருந்தும் செராஃபினுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. சம்பந்தி வீட்டாரை எங்கே அழைத்துப் போவது?

இத்தாலியில், மலைக்கு அந்தப் பக்கம் கூனியோவில், மாப்பிள்ளையின் அப்பா எத்தோரே போன மாதம் ஒரு பெரிய உணவகத்தில் வைத்த விருந்து அப்படி. பரிசாரகர் குனிந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எத்தோரே ஒயினை முகர்ந்துவிட்டு ராஜா மாதிரி தலையாட்டினார். மொனாக்கோக்காரன் என்றால் குழாயைத் திறந்தால் தங்கம் கொட்டும் என்று ஊர் உலகம் நினைக்கிறது. செராஃபினுக்கோ துறைமுக அலுவலகத்தில் வேலை, அரசாங்கம் கொடுத்த வீடு. மகள் கொரின் வாழப் போகிற வீட்டில் தன்னை இளக்காரமாக நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

"பேசாம சந்தைக்குக் கூட்டிட்டுப் போலாங்க. பார்பஜுவான் சுடச்சுட கிடைக்கும்" என்றாள் மனைவி ரேமோந்த்.

"முதல் விருந்துக்கு, கீரைய அடைச்சுப் பொரிச்சதக் கையில குடுக்கச் சொல்றியா? மானம் போயிரும்."

கடைசியில், காசினோவுக்குள் புதிதாகத் திறந்திருந்த உணவகத்தில் தொலைபேசியில் மேசை பிடித்தார். வெளிநாட்டு நடிகர்கள் சாப்பிடுகிற இடம் என்று பேச்சு. பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் காசினோவின் முன்மண்டபத்தைக் கடந்து உள்கதவுக்குப் போனது. கறுப்புக் கோட்டுக்காரர் எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்டார். இத்தாலிக்காரர்களை உள்ளே விட்டார். செராஃபினின் அட்டையைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"ஐயா, நீங்க இந்த ஊர்க்காரரா?"

"பரம்பரையா இங்கதான்" என்றார் செராஃபின், மிடுக்காக.

"அப்ப விட முடியாதுங்களே. சூதாட்டக் கூடத்தத் தாண்டித்தான் சாப்பிடப் போகணும். உங்காளுங்க அதுல கால் வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. உங்களுக்குத் தெரியாததா?"

சட்டம் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கூடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் பிறந்தவர்கள் மட்டும்தானே. இப்போது விருந்தாளிகள் உள்ளே, விருந்து வைப்பவர் வெளியே. செராஃபினுக்கு அவமானத்தில் காது சுட்டது. கொரின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தோரே விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"அப்ப இங்க சாப்பிட வேண்டாமா?"

"மன்னிச்சிருங்க சம்பந்தி, நான்..."

"நெசமாவே வேண்டாம்ல?" என்று கேட்டபடி எத்தோரே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, புது ஷூவின் கயிற்றைத் தளர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்தால் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

பின்னாலேயே வெளியே வந்த அவர் மனைவி பியேரா சிரித்துவிட்டாள். "எந்த முள்கரண்டிய முதல்ல எடுக்கணும்னு வீட்ல ஒரே ஒத்திகை. என்னைத் தூங்க விடல மனுஷன்."

கொந்தமீன் சந்தையின் வளைவுகளுக்கு அடியில் ஒரு மர மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எத்தோரே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பார்பஜுவானை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார். செராஃபினுக்கு மட்டும் இன்னும் உறுத்தல்.

"கூனியோவுல அந்தப் பரிசாரகர் உங்க முன்னால அப்படிக் குனிஞ்சாரே சம்பந்தி. இந்தப் பெரிய இடமெல்லாம் உங்களுக்குப் பழக்கம்னுல்ல நெனச்சேன்."

எத்தோரே வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் அங்க நுழைஞ்சதே அன்னிக்குத்தான். மொனாக்கோ சம்பந்தியாச்சே, நம்மள மட்டமா நெனச்சிருவாரோன்னு பயம். அந்த ஒயின் நல்லா இருந்துச்சா இல்லையான்னு இப்பவரைக்கும் எனக்குத் தெரியாது."

செராஃபினுக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. டையை உருவிச் சட்டைப்பையில் திணித்தார்.

"ரேமோந்த், இன்னொரு தட்டு சொல்லு."

"மானம் போயிரும்னீங்களே?"

"அது அந்தக் கதவுகிட்டயே போயிருச்சு. நீ சொல்லு."