காது பார்த்துக் கொடுக்கும் மீன்

துறைமுகத்து மீன் அங்காடியில் முழு மீன் கேட்டு வருகிறவர்களின் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் சிவந்திருந்தால் ஆள் புதுசு. வெளுத்திருந்தால் பழசு. பழசுக்குத் துண்டு மீன்தான். நாம் மட்டும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லையா, இதில் என்ன ரோஷம்?

தணிகாசலம் காலையிலேயே வரிசையில் நின்றார். அவர் மனைவி கோமளவல்லி நாலு நாளாகச் சோறு தண்ணீர் தொடவில்லை. தலையும் வாலுமாக முழு சங்கரா மீன் குழம்பு வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது உள்ளே போனால் பிழைத்துக்கொள்வாள் என்று அவர் நம்பினார். நம்புவதற்கு வேறு எதுவும் கைவசம் இல்லை.

மீன்காரி அஞ்சலாட்சி அவர் காதைத் தூக்கினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். மோந்து பார்த்தாள்.

"ரெண்டு நாள் ஆன ஆளு. துண்டு வாங்கிட்டுப் போங்க."

"வீட்ல சுகமில்லம்மா. முழுசா வேணும்."

"ஐஸ்ல உக்காந்து பாத்தீங்களா?"

ஐஸ் பெட்டியில் ஏற்கெனவே மூன்று பேர் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இடமில்லை என்று கையை ஆட்டினார்.

செவுளுக்குச் சாயம் பூசுகிற வியாபாரிகளை ஆயுசுக்கும் திட்டித் தீர்த்தவர் தணிகாசலம். இப்போது குழாயடிக்குப் போய், சட்டைப் பையில் கிடந்த கோவில் குங்குமத்தை எச்சில் தொட்டுக் காதுக்குப் பின்னால் பூசிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பி வந்தபோது அங்காடி இரண்டு தெரு நீண்டிருந்தது. கடைசிக் கடையிலும் அஞ்சலாட்சியே இருந்தாள். காதைத் தொட்டாள். விரலில் ஒட்டிய சிவப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒரு சங்கராவை எடுத்துச் செதிலைச் சீவிக் குடலை எடுத்தாள்.

"வீட்ல அவங்க காதப் பாத்தீங்களா?"

"அவ கடைக்கு எங்க வர்றா?" என்றார் அவர்.

வீட்டில் அவரே மசாலா அரைத்துப் புளி கரைத்தார். சட்டியைவிட மீன் நாலு விரல் நீளம். அதட்டினார். சட்டி நீண்டு கொடுத்தது.

கோமளவல்லி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டை வைத்ததும் திரும்பினாள். முதலில் அவர் காதைத்தான் தூக்கினாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள்.

"ரெண்டு நாளா?"

"ஆமா."

"சொல்லவே இல்லியே?"

"நீ கவலப்படுவேன்னுதான்."

அவள் தலைமுடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் இடியாப்பம் போல வெளுத்திருந்தது.

"எனக்கு நாலு நாளு. நீங்களா வந்து பாப்பீங்கன்னு இருந்தேன்."

தணிகாசலம் எத்தனை மீனின் செவுளைப் பார்த்திருப்பார்! இந்தக் கட்டிலுக்கும் அடுப்புக்கும் எட்டடி தூரம்தான்.

குழம்பில் கொதித்த பிறகும் மீனின் கண் மட்டும் தெளிவாக இருந்தது. அது இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆறிடப் போவுது," என்றாள் அவள்.

அவர் முள் நீக்கி, சோற்றில் பிசைந்து, முதல் கவளத்தை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.