பதினேழுக்கு விட்ட இடம்

ஸ்ட்ரெச்சர் நடைவழியில் சிக்கிக்கொண்டது. முன்சக்கரம் இரும்பு அலமாரியின் காலில் முட்டி நின்றது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சாய்த்துப் பார்த்தார், பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளிப் பார்த்தார். உள்ளறையில் அப்பாவின் மூச்சு, காற்றடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

“இந்த அலமாரி நகந்தாத்தாம்மா உள்ள போகும்.”

“நாற்காலில உக்கார வச்சு...” என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

“உக்கார வைக்கவே கூடாது!” உள்ளேயிருந்து உதவியாளர் கத்தினார். அவர் மட்டும் எப்படியோ உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து, அப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்திருந்தார். “பிரஷர் அதல பாதாளத்துல கெடக்கு. படுத்த மேனிக்குத்தான் தூக்கணும். சீக்கிரம்!”

அலமாரியில் தரையிலிருந்து கூரைவரை கலைக்களஞ்சியங்கள். கறுப்பு அட்டையில் இருபத்துநான்கு தொகுதி, சிவப்பில் முப்பது, நீலத்தில் இருபது. நீலத்தில் பதினேழாவது மட்டும் கிடையாது. காலி செய்யாமல் அதை யாராலும் அசைக்க முடியாது.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அப்பா. காலி செய்கிற வீடு, பாகம் பிரிக்கிற வீடு எல்லாம் ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். “இதையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?” என்று மெதுவாகக் கேட்பார். நடைக்கு நாலு தொகுதியாகச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்ததுதான் இவ்வளவும். அழகுக்கு அடுக்கி வைக்கிற ஆளில்லை, படிக்கிற ஆள். சாயங்காலமானால் ஒரே தலைப்பை மூன்று வரிசையிலும் எடுத்துவரச் சொல்வார். நிலாவுக்கு மனிதன் போகவே முடியாது என்று கறுப்பு அடித்துச் சொல்லும். போகலாம் போலிருக்கிறது என்று சிவப்பு இழுக்கும். நீலத்தில் போட்டோவே இருக்கும். “மூணும் பொய் இல்ல. அன்னன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்,” என்பார்.

“எனக்கு மூணு சக்களத்தி. அதுல ஒருத்தி பல்லு போனவ,” என்பாள் அம்மா. பல் போன இடத்தில் தன் சீப்பைச் செருகியும் வைப்பாள். அப்பா சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “அது வரும். இடம் இருக்கட்டும்,” என்பார்.

எடுத்ததைத் திரும்ப வைப்பது மகள்களின் வேலை. இடம் மாறி வைத்தால் திட்டமாட்டார். தானே எழுந்து வந்து சரிசெய்துவிட்டு, “இடம் மாறினா தொலைஞ்ச மாதிரிதாம்மா,” என்பார். அதற்குத் திட்டே தேவலை. பெரியவள் கல்யாணமாகிப் போனபின் இருபது வருஷமாக அந்த வேலை சின்னவளுக்கு மட்டும்தான்.

ஓட்டுநர் மேல்தட்டில் கைவிட்டு ஐந்தாறை ஒன்றாக வாரி இழுத்தார். “வாசல்ல குவிச்சிடவா?”

“வேணாம்ணே, கலைஞ்சிடும். என்கிட்ட குடுங்க.”

வீடு முதல் மாடியில். வாசலுக்கு எதிரே மொட்டை மாடிக்கு ஏறும் படிகள். அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள். கால் நிலைப்படியில் இடித்து நகம் பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. அப்பா போய்விடக் கூடாது, அப்பா போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவள் மனசில் வேறு ஒரு சொல் இல்லை.

“இன்னும் எவ்வளவு நேரம்டி?” உள்ளேயிருந்து அம்மா அழுதாள்.

“ஆச்சும்மா, ஆச்சு!”

அப்பா முகமூடியை விலக்கியிருக்க வேண்டும். குரல் அடங்கித்தான் வந்தது. “போட்டுடும்மா... எல்லாத்தையும் கீழ போட்டுடு.”

பக்கத்தின் முனையைக்கூட மடிக்க விடாத மனிதர் சொன்ன சொல் அது. சின்னவளுக்கு நன்றாகக் கேட்டது. “சரிப்பா,” என்று பதில்கூடச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அடுத்த நாலு தொகுதிக்குக் கை நீட்டினாள்.

கடைசித் தட்டும் காலியானபின் அலமாரி நகர்ந்தது, ஸ்ட்ரெச்சர் போனது, அப்பா வந்தார். படியில் இறக்கும்போது அவர் கண் பாதி திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு மூன்று சிக்னல். இரண்டாவதைத் தாண்டியதும் உதவியாளர் அப்பாவின் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். முன்னால் இருந்த ஓட்டுநருக்கு அது தெரியாது. அவர் சைரனை அலறவிட்டு மூன்றாவது சிக்னலையும் கடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வண்டிக்காரர்கள் கொடுத்த தாளைப் பார்த்துப் படிவம் எழுதினார்.

“வண்டி உங்க வீட்டுக்கு வந்தது ஒம்பது முப்பத்தஞ்சு. கெளம்பினது ஒம்பது அம்பத்தெட்டு. சரிதானே?”

“அலமாரி...” என்றாள் சின்னவள்.

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மத்தியானம் அதே வண்டியில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். அம்மா அவர் பாதத்தைப் பிடித்தபடி வண்டிக்குள்ளேயே இருந்தாள். வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓட்டுநரும் சின்னவளும் முதலில் மேலே ஏறினார்கள். போட்டது போட்டபடி கதவு திறந்து கிடந்தது. அலமாரி இல்லாத நடைவழி அவளுக்கு யார் வீடோ போலிருந்தது.

திரும்பியபோதுதான் மாடிப்படியைப் பார்த்தாள்.

கீழ்ப்படியிலிருந்து கறுப்பு, அதற்கு மேலே சிவப்பு, அதற்கும் மேலே நீலம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் தெரியும்படி எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. ஓட்டுநர் பன்னிரண்டைக் கொடுத்தபின் ஒன்பதைக் கொடுத்ததும், அவள் மூன்று தொகுதிகளை நகர்த்தி நடுவே அதைச் செருகியதும் இப்போது நினைவுக்கு வந்தன. அப்போது உள்ளே அப்பாவுக்கு உயிர் இருந்தது.

ஓட்டுநர் நாலு படி ஏறிக் குனிந்து பார்த்தார். “ஒண்ணு விழுந்துடுச்சு போலம்மா. நீலத்துல பதினேழக் காணோம். அவசரத்துல நான்தான் கைதவறிப் போட்டுட்டேனோ என்னவோ.” கைப்பிடிக்கு வெளியே எட்டிக் கீழேயும் தேடினார்.

“அது எப்பவுமே இல்லண்ணே.”

“அப்ப எதுக்கும்மா எடம் விட்டு வச்சிருக்கு?”

கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடைவழிப் பக்கம் திரும்பி, “வழி தாராளமா இருக்கு. தூக்கிட்டு வந்துடறோம்,” என்று இறங்கிப் போனார்.

சின்னவள் படியில் உட்கார்ந்தாள். கால் நகத்திலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்தது. கீழே வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“மெதுவாத் தூக்குங்கப்பா,” என்றாள் அம்மா. “ஒண்ணும் அவசரமில்ல.”

காலடிகள் மேலே வரத் தொடங்கின. படி அதிர்ந்து, நீலத்தில் பதினெட்டு மெல்லச் சாய்ந்தது. சின்னவள் இடைவெளிக்குள் உள்ளங்கையை நுழைத்து, அது விழாமல் பிடித்துக்கொண்டாள்.