வெள்ளைத் தாளுக்குக் கீழே

ரூஃபஸ் லேன் என்பது ஒரு பாடகருக்கு வைத்த பொய்ப் பெயர் என்று பர்ன்லி வீவர்ஸ் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தவளே அங்கே பாட்டுப் போடும் டிஜே லோர்னா பிக்கப்தான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய பழைய, அரிதான சோல் இசைத்தட்டு ஒன்று கையில் சிக்கினால், அதன் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, வாய்க்கு வந்த பெயரை எழுதிப் போடுவது வடக்கு இங்கிலாந்து டிஜேக்களின் வழக்கம். அடுத்த ஊர் டிஜே அதைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதல்லவா. உண்மையில் யார் பாடியது என்று வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம். கேட்காமலே கண்டுபிடிப்பவனுக்குத்தான் மதிப்பு.

ஆகவே வசந்தம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் லோர்னா ரூஃபஸ் லேனைப் போட்டாள். கூட்டம் சுழன்று சுழன்று ஆடியது. பிறகு வீட்டுக்குப் போய் மண்டையை உடைத்துக்கொண்டது. டெட்ராய்ட்டில் தபால்காரராக இருந்தவர் என்றார் ஒருவர். இல்லை, சிகாகோவில் தேவாலயத்தில் பாடியவர், முப்பது வயதுக்குள் செத்துப்போனார் என்றார் இன்னொருவர். லோர்னா எதையும் மறுக்காமல் புன்னகைத்தாள். அவளுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. அமெரிக்காவில் ஒரு கராஜில் கிடைத்த டேப்பிலிருந்து ஒரே பிரதியாகப் பதிந்த தட்டு என்று சொல்லித்தான் பழைய தட்டு வியாபாரி கிளிஃப் அதை அவளுக்கு விற்றிருந்தான்.

வியாழக்கிழமை மாலை அந்தக் கிளிஃப் மழையில் நனைந்த தொப்பியோடு அவள் சமையலறையில் வந்து நின்றான்.

"உட்காரு கிளிஃப். ஏன் சம்மன் கொண்டுவந்தவன் மாதிரி நிக்கற?"

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன். அந்த ரூஃபஸ் லேன் இருக்கானே…"

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

"யாருமில்ல லோர்னா. எனக்கு வித்த லீட்ஸ்காரன் கம்ப்யூட்டர்ல நாலு வரி எழுதிக் குடுத்திருக்கான். ஏஐ பாடிக் குடுத்துடுச்சு. அதுல பழைய கரகரப்பு கொஞ்சம் சேர்த்து, தட்டுல பதிஞ்சு என் தலையில கட்டிட்டான். நேத்து போன் பண்ணி சிரிக்கறான். உங்க ஆளுங்க காதைச் சோதிச்சுப் பார்த்தேன்ங்கறான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"நெவிலுக்குச் சொல்லிட்டேன். வேற யாருக்கும் இல்ல. லீட்ஸ்காரன் வாயைத் திறக்க மாட்டான், மோசடி கேஸ் வரும்னு பயம்."

கிளிஃப் போன பிறகு லோர்னா தட்டை எடுத்துச் சுழலவிட்டாள். நல்ல குரல்தான். ஆனால் பழைய தட்டுகளில் பாடகர்கள் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது களைத்திருப்பார்கள். தொண்டை லேசாகக் கிழியும். டிரம்ஸ்காரனுக்கு உற்சாகம் தலைக்கேறி வேகம் கொஞ்சம் கூடிவிடும். இந்த ஆள் மட்டும் தொடங்கியபோது இருந்த அதே தெம்போடு முடித்தான். முதல் வாரமே அதை அவள் கவனித்திருந்தாள். என்ன நுரையீரல் இந்த மனுஷனுக்கு என்று வியந்து விட்டுவிட்டாள். ஆக, காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தன்னிடம் மட்டுமே இருக்கும் தட்டு என்ற பெருமையில் அவள்தான் அதைக் கேட்கவில்லை. காது கெட்டுப்போகவில்லை என்பது ஒரு வகையில் தெம்பாக இருந்தது.

ஞாயிறன்று மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் நெவில் காத்திருந்தான். கிளப்பின் ஞாயிறு நிகழ்ச்சிகளை நடத்துபவன் அவன்தான். கையில் பாதி தின்ற இறைச்சி பஃப்.

"கிளாஸ்கோவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருக்காங்க, ரூஃபஸ் லேனுக்காகவே. தட்டு உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு கண்ணு. விஷயம் அதோட முடிஞ்சுது."

"உடையலையே."

"உடை. நான் வேணா மேல உட்கார்றேன்."

"உண்மையைச் சொல்லப் போறேன், நெவில்."

அவன் பஃப்பைக் கீழே வைத்தான். "சொல்லு. அப்புறம் நீ தாள் ஒட்டி எதைப் போட்டாலும் இதுவும் மெஷினான்னு கேட்பாங்க. அப்படி ஒரு ஆளை ஞாயித்துக்கிழமை மேடையில வச்சிருக்க என்னால முடியாது. பதினஞ்சு வருஷமா உன் இடம் அது. இன்னொருத்தருக்குக் குடுக்கவேண்டி வரும். யோசிச்சுக்கோ. தாளைக் கிழிச்சுப் பார்க்கணும்னு இங்க யாரும் கேட்டதில்ல, கேட்கவும் மாட்டாங்க."

"அதைத்தான் யோசிச்சேன்" என்றாள் லோர்னா. "நாம கேட்க மாட்டோம்னு தெரிஞ்சுதான் அந்த லீட்ஸ்காரன் அனுப்பியிருக்கான்."

அரங்கில் ஆடுபவர்கள் மரத்தரையில் டால்கம் பவுடரைத் தூவி, காலை வழுக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னா மைக்கைப் பிடித்தாள்.

"ரூஃபஸ் லேனோட தாளை இன்னிக்குப் பிரிக்கறேன்."

விசில் பறந்தது. மறைத்த தட்டின் தாளை டிஜே தானாகவே பிரிப்பது எப்போதாவது நடக்கும் விசேஷம். அவள் தாளை உரித்துத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. வெறும் கறுப்பு வட்டம்.

"இதை யாரும் பாடல. ஏஐ பாடினது. எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும். உங்களுக்கும் தெரியணும்."

முன்வரிசையிலிருந்த டக்கிதான் முதலில் வாயைத் திறந்தான். வயது அறுபத்தி நாலு, இன்னும் மல்லாக்க விழுந்து எழுந்து ஆடுகிறவன். "அந்தப் பாட்டுக்கு நான் முட்டியைத் தேய்ச்சிருக்கேன் லோர்னா. அந்த மெஷினுக்கு முட்டி இருக்கா?"

"பஸ்ல இவ்வளவு தூரம் ஒரு கால்குலேட்டரைக் கேட்கவா வந்தோம்?" என்றாள் கிளாஸ்கோ கூட்டத்தை அழைத்து வந்த ஷீனா.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "நல்லாத்தானே இருந்துச்சு. ஆடினோம். யார் பாடினா என்ன?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் லோர்னா. "உங்க காலைக் குறை சொல்லல. ஆனா யாரும் சும்மா ஆடலையே. தபால்காரர்னீங்க, தேவாலயத்துல பாடினவர்னீங்க. அவருக்காக வருத்தப்பட்டீங்க. நானும்தான். வருத்தப்பட அங்க ஆள் இல்ல."

பின்னாலிருந்தவன் தோளைக் குலுக்கினான். ஷீனா விடவில்லை. மேடையருகே வந்துவிட்டாள்.

"டிஜேக்கள் நீங்க மட்டும் என்ன யோக்கியம்? மெஷினுக்குப் பெயரே கிடையாது. பெயர் இருந்தவங்க மேலயே தாளை ஒட்டி மறைச்சது நீங்கதான். நீ தாள் ஒட்டிப் போடற அந்தக் கிளாரா டேன், அது யாரு? என் கல்யாணத்துல நீ வந்து போட்டப்போ அதுக்குத்தான் ஆடினேன். இன்னிக்கு வரை அவ பெயர் எனக்குத் தெரியாது."

நெவில் மேடை ஓரத்திலிருந்து தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கிளாரா டேன் லோர்னாவின் அடையாளம். அந்த ஒரு தட்டுக்காகவே மற்ற ஊர் டிஜேக்கள் பின்சுவரோரம் நின்று, ஒன்றும் தெரியாத முகத்தோடு உன்னிப்பாகக் கேட்பார்கள். அதைக் காட்டிவிட்டால் அவளிடம் மட்டும் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

அவள் அந்தச் சின்னத் தட்டை உறையிலிருந்து எடுத்தாள். பசை கெட்டியாகிப் போயிருந்தது. தாள் இழையிழையாகத்தான் வந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசித் துண்டையும் ஊதித் தள்ளிவிட்டு மைக்கில் சொன்னாள்:

"எர்லீன் பாஸ்கம். ஓஹையோ மாநிலம், டோலிடோ ஊர்க்காரங்க. இந்த ஒரு தட்டு மட்டும்தான் பாடினாங்க. இனிமே என் தட்டு எதுலயும் தாள் இருக்காது. மெஷின் பாடினதா, மனுஷங்க பாடினதான்னு நீங்களே பார்த்துக்கலாம்."

ஊசியை இறக்கினாள்.

ஆடத் தெரியாதவனுக்குக்கூட எர்லீன் பாஸ்கம் பாட்டின் கடைசிக் கட்டம் அத்துப்படி. மூச்சு போதாமல் குரல் ஓரிடத்தில் கிழிந்து, அடுத்த வரியை எட்டிப் பிடிக்கும். டிரம்ஸ் காத்திருக்காமல் முன்னே ஓடும். அதோடு சேர்ந்து ஓட வேண்டுமென்றால் சுழற்சியை ஒரு தப்படி முன்பே தொடங்கியாக வேண்டும். தரை முழுக்க எல்லோரும் சரியாக அந்த இடத்தில் முந்திக்கொண்டார்கள். யார் பாடினால் என்ன என்று கேட்டவனும்தான். டக்கி விழுந்தான், எழுந்தான், முட்டியைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

பின்சுவரோரம் நின்றவர்கள் மட்டும் ஆடவில்லை. அவர்கள் போனில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு" என்றான் நெவில் அவள் காதருகே. "அடுத்த வாரம் மான்செஸ்டர்ல இது ஓடும்."

"ஓடட்டும். அவங்க பெயரைச் சொல்லி ஓடட்டும். என் இடம் யாருக்கு?"

நெவில் மேடையை விட்டு இறங்கி வாசல் பக்கம் போனான். லோர்னா அடுத்த தட்டை எடுத்து, தாளை உரித்து, பெயரை வாசித்துவிட்டுப் போட்டாள். அதற்கடுத்ததையும் அப்படியே. இடைவேளையில் ஷீனா ஒரு கோப்பை தேநீரோடு வந்து, டோலிடோ பாடகியின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

நெவில் திரும்பி வந்தபோது வாசலில் வைக்கும் கரும்பலகை அவன் அக்குளில் இருந்தது. 'ரூஃபஸ் லேன், இங்கு மட்டும்' என்று அவனே எழுதியிருந்ததைச் சட்டைக் கையால் அழித்தான்.

"அடுத்த ஞாயிறுக்கு என்ன எழுத?"

"எர்லீன் பாஸ்கம்."

அவன் எழுதினான். சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான். "இங்கு மட்டும்னு போடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் லோர்னா.