சிக்னல் கல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கேள்வித்தாளில் பிறந்தது. கைபேசியில் காசு கட்டுகிறவர்கள் ஏன் அதை விடாமல் தொடர்கிறார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேட்டு எழுதும் வேலை கிடைத்தது. வசதி, நம்பிக்கை, பழக்கம் என்று மூன்று கட்டங்கள். கொழுந்து பறிக்கும் மீனம்மா ஒன்றிலும் புள்ளடி போடவில்லை.

2
மலையை மூடியிருந்த பனி மெல்ல விலக...

(வேண்டாம். பனி விலகாமல் நமக்கு ஒரு கதையும் தொடங்காதா?)

முனீராவின் கடைக்குள் சிக்னல் இல்லை. சாமான் வாங்கியவர்கள் எதிரே இருக்கும் கல்லில் ஏறி நின்று காசை அனுப்பிவிட்டு, இறங்கி வந்து திரையைக் காட்ட வேண்டும். கல்லில் இரண்டு பேர்தான் நிற்கலாம்.

3
மீனம்மாவுக்கும் அடுத்த வீட்டு நாகலெட்சுமிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. மலைத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் குடம் பிடிக்கப்போய் வந்த சண்டை.*

ஒருநாள் கல்லின்மேல் மீனம்மாவுக்கு டேட்டா தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நாகலெட்சுமி.

"முடிஞ்சிருச்சா? ஹாட்ஸ்பாட் போடுறேன், புடிச்சுக்கங்க."

"பாஸ்வேர்ட்?"

"ஒங்க மக பேருதான். நிலக்ஷி. சண்டைக்கு முன்னாடி அந்தப் புள்ளதான் போட்டுக் குடுத்துச்சு. நான் மாத்தல."

மறுநாள் மீனம்மா கல்லில் ஏறுவதற்காகவே, தேவையில்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்கினாள்.

* யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் அந்தப் பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறேன்.

4
அதன்பின் தினமும் வேலை விட்டதும் ஐந்து நிமிடம் கல்லில் பேச்சு, சிரிப்பு. ஆனால் ஒருத்தி வாசலை ஒருத்தி இன்னும் மிதிக்கவில்லை. ரோஷம் அப்படி.

போன வாரம் மேட்டில் புது டவர் வந்தது.

"இனி மழையில நனைய வேணாம் மீனம்மாக்கா," என்றாள் முனீரா. "கடைக்குள்ளயே நின்னு கட்டுங்க."

ஊரே சந்தோஷப்பட்டது. மீனம்மாவுக்கு மட்டும் பயம். கல் போனால் பேச்சும் போய்விடுமோ?

5
முடிவு ஒன்று: மீனம்மா உள்ளேயே கட்டிவிட்டு... (ஐயோ, இதை எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள் நாகலெட்சுமி வீட்டுக்கே போய்... (இந்த ரோஷக்காரியா? நம்ப மாட்டீர்கள்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்று நல்ல மழை. மீனம்மா கடைக்குள் சீனி வாங்கிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். தலையில் பொலித்தீனோடு நாகலெட்சுமி கல்லில் நின்று, கைபேசியை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! கடைக்குள்ள சிக்னல் வருதா?"

மீனம்மாவின் கைபேசியில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன. முனீரா சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசி மூட்டையைப் பார்த்தாள்.

மீனம்மா என்ன பதில் சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.