நிலூஷா கூப்பிட்டது கேட்ட இடங்கள்

வெள்ளவத்தை வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்த நிலூஷா "அம்மா" என்று கத்திய சத்தம், அவள் தானாக எழும்பி, முழங்காலைக் கழுவி, மேசை லாச்சியில் இருந்த பிளாஸ்டரை எடுத்து ஒட்டி, மத்தியானச் சோறும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தாய்க்குக் கேட்டது. ஷாமிலா கழுவிக்கொண்டிருந்த சட்டியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். அங்கே ஈரத் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது பிள்ளை கதிரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். "அது நான் முந்திக் கூப்பிட்டது, அம்மா. நீங்க வரேல்ல" என்றாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை.

தகப்பன் ஹியூபேட் ஒரு கப்பல் கம்பனியின் திருகோணமலைக் கிளையில் வேலை பார்த்தவர். எரிபொருள் வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம் கிளையை மூடி, அவரைக் கொழும்புக் கோட்டையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பிள்ளையோடு கொழும்புக்கு வருகிறவர் எங்கே வீடு எடுப்பது என்பதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. எல்லாக் கருத்தும் கடைசியில் வெள்ளவத்தையில் போய் நின்றது. பள்ளிக்கூட வான் வாசலுக்கு வரும், சேர்ச் நடை தூரம், தமிழ்க் கடைகள், தமிழ் டொக்டர்மார், கடற்காற்று. கொட்டாஞ்சேனைப் பக்கம் மட்டும் பார்க்க வேண்டாம் என்றார்கள். துறைமுக லொறிகள், நெரிசல், மழை பெய்தால் கழிவுநீர்க் கான் நிரம்பி வீட்டுக்குள் வரும், அது பிள்ளை வளர்க்கிற இடமா என்று கேட்டார்கள். வீட்டுத் தரகர் ஸமீம் காட்டிய நாலாம் மாடி வீட்டுக்கு லிஃப்ட் இருந்தது, கேற்றில் காவலாளி இருந்தார், படிக்கட்டில் கமரா இருந்தது. ஷாமிலா ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அவை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சரி என்றாள்.

நிலூஷா சாதாரணமாகக் கதைத்தால் உடனே கேட்டது. பாட்டும் சிரிப்பும் உடனே கேட்டன. பயந்தோ நொந்தோ கூப்பிட்டால்தான் பிந்தியது. வாய் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் வராது. பிறகு ஒரு நேரம், ஷாமிலா எங்கே நின்றாலும் அந்த இடத்தில் அது வந்து கேட்கும். டொக்டர் தொண்டையையும் காதையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். இரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது பிள்ளை வாயைத் திறந்து மௌனமாக அழுதாள். அந்த அழுகை அவர்கள் பம்பலப்பிட்டியில் பஸ் ஏறி இருந்த பிறகு வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிலூஷா அப்போது டொபி சூப்பிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு டீச்சரிடம் ஷாமிலா இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் பெரிதாக எடுக்கவில்லை. "இந்த பில்டிங்கில உள்ள பிள்ளையளுக்கு அப்பிடித்தான். பழகிடும். நாங்க மகனுக்கு போன் ஒண்டு வாங்கிக் குடுத்திட்டம், கூப்பிடாம மெசேஜ் போடுவான்" என்றார்.

பழகிவிடும் என்றுதான் ஷாமிலாவும் நினைத்தாள். ஆனால் பிள்ளை கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒவ்வொரு கணமும் இப்போது அவளுக்கு ஒரே மாதிரி இருந்தது. வீடு அமைதியாக இருந்தால், பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்றும் இருக்கலாம், கத்திக்கொண்டிருக்கிறாள் என்றும் இருக்கலாம். அவள் சமைத்துக்கொண்டே நொடிக்கொரு தரம் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்தாள். ஹியூபேட் அலுவலகத்தில் இருந்து அடிக்கடி போன் எடுத்து, "பிள்ளை என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் வான் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. ஷாமிலா கீழே இறங்க லிஃப்ட்டுக்குக் காத்து நின்ற நேரத்துக்குள், நிலூஷா காற்றில் பறந்த தன் தொப்பிக்குப் பின்னால் ஓடி, கடற்கரை வீதியைக் கடந்து, தண்டவாளத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய சப்பாத்து தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் இடையில் இறுகிக்கொண்டது. தெகிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது. பாறைகளில் சோடி சோடியாக ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளை அவர்களுக்குப் பின்னால் நின்று கத்தினாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. இறால் வடை விற்கும் சிங்களவர் ஒருவர் தற்செயலாகத் திரும்பி, வாயை அகலத் திறந்தபடி சத்தமில்லாமல் நிற்கிற பிள்ளையைக் கண்டார். வடைத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். சப்பாத்து தண்டவாளத்தில் இருந்தது, பிள்ளை அவர் கையில் இருந்தாள், ரயில் போனது.

அன்று பொழுது படுகிற நேரம் மூன்று பேரும் ஹோலில் இருந்தார்கள். நிலூஷா தாயின் மடியில் இருந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்போது அது வந்தது. "அம்மா! அம்மா, கால்! ரெயின் வருது அம்மா!" சுவர்களுக்குள் அது நிறைந்தது. ரயிலின் இரைச்சலும் கூடவே வந்து மேசையில் இருந்த கோப்பைகளை அதிர வைத்தது. ஷாமிலா பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அவள் பிடித்திருந்த பிள்ளையின் வாய் மூடியிருந்தது, அவளைக் கூப்பிட்ட பிள்ளையிடம் அவளால் போக முடியவில்லை. எவ்வளவு நேரம் அங்கே கத்தினாளோ அவ்வளவு நேரம் இங்கே கேட்டது. ஹியூபேட் எழும்பி ஜன்னலைச் சாத்தினார், பிறகு திறந்தார், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். சத்தம் நின்றதும் நிலூஷா, "இன்னொரு பிஸ்கட்" என்றாள். ஷாமிலா டின்னை அப்படியே அவளிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஸமீமோடு வீடு பார்க்கப் போனார்கள். பள்ளிக்கூடம் கிட்டவா, தண்ணீர் வருமா என்று அவர்கள் இப்போது கேட்கவில்லை. ஹியூபேட் வெறும் அறையின் நடுவில் பிள்ளையை நிறுத்தி, ஷாமிலாவைக் கேற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் கையைக் கிள்ளுவார். அழுகை உடனே வெளியே கேட்கிறதா என்று பார்க்க வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. முதல்முறை நிலூஷா தகப்பனை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு பிறகு, வெறும் வீட்டைக் கண்டாலே கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். இரத்மலானையில் மதில் உயர்ந்த, மாமரம் நின்ற அழகான வீடு ஒன்று இருந்தது. அங்கே கிள்ளியதற்கான அழுகை அடுத்த நாள் சந்தையில், ஷாமிலா கத்தரிக்காய் பொறுக்கும்போது வந்தது. கடைக்காரர்கள் குனிந்து தட்டுகளுக்குக் கீழே பிள்ளையைத் தேடினார்கள். பேலியகொடையில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் அழுகை வரவே இல்லை. அது எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது என்று ஷாமிலா நம்பினாள். அதன் பிறகு அவள் தொலைக்காட்சி போடுவதை விட்டாள், தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சீக்கிரம் பூட்டினாள்.

ஸமீமிடம் காட்டுவதற்கு வீடுகள் தீர்ந்தன. "ஒரு வீடு ஈக்கி சேர், கொட்டாஞ்சேனையில, ஜிந்துப்பிட்டிக்குப் போற பக்கம். ஆனா ஒங்களுக்குச் சரி வராது" என்றார். சரி வராது என்றே அவர்களும் போனார்கள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கை அது. முன் அறையும் பின் அறையும் குசினியும். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். ஷாமிலா வழக்கம்போல வெளியே போய் நின்றாள். ஹியூபேட் பிள்ளையை அறை நடுவில் நிறுத்தினார். அவருடைய கைகள் இரண்டும் காற்சட்டைப் பைக்குள்தான் இருந்தன, அப்போதே அந்தச் சத்தம் கேட்டது. "அப்பா, நோகுது! வேணாம் அப்பா!" நிலூஷாவின் குரல். நிலூஷா வாய் திறக்கவில்லை. ஷாமிலா ஓடி வருவதற்கு முன் பக்கத்து வீட்டில் இடியப்பம் அவிக்கும் மயிலம்மா மாவுக் கையோடு உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், ஒருவர் பாதிச் சவரத்தோடு.

"யாருங்க பச்சப்புள்ளைய கிள்ளுறது?" என்று மயிலம்மா கேட்டாள்.

"நான் இன்னும் கிள்ளேல்ல" என்றார் ஹியூபேட்.

"இனிமே கிள்ள மாட்டீங்கல்ல? அப்ப சரி" என்று அவள் பிள்ளையின் கையைத் தடவிவிட்டுப் போனாள். ஹியூபேட் அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதார். அன்று பிள்ளையின் கையில் ஒரு புது அடையாளமும் விழவில்லை.

அந்த மாதமே வீடு மாறினார்கள். அந்த ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளின் கூப்பாடும் நடக்கும் முன்னரே கேட்டது. தேவாலய மணி கேட்பதைப் போல அதுவும் கேட்டது, ஒருவரும் அதைப் பற்றி நின்று கதைக்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் மயிலம்மா. எண்ணெய்ச் சட்டி கவிழ முன் யாராவது வந்து அடுப்பை அணைத்தார்கள். மதிலில் ஏற முன் யாராவது காலைப் பிடித்தார்கள். ஷாமிலாவின் பயம் குறையவில்லை, திசை மாறியது. முன்பு அமைதியைக் கண்டு பயந்தாள். இப்போது சத்தத்துக்குப் பிறகு வரும் நேரத்தைக் கண்டு பயந்தாள், ஏனென்றால் அது எந்த நேரம் என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் மாசியில், ஒரு திங்கட்கிழமை, எல்லோரும் உடுப்புக் காயப்போடுகிற நேரத்தில், "அம்மா" என்று ஒரு கூப்பாடு வந்தது. பாதியில் அது அறுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கயிற்றடியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஷாமிலாவைப் பார்த்தார்கள். அது நிலூஷாவின் குரல். பத்து நிமிடத்தில் ஒரு முச்சக்கர வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தது. பிள்ளைகள் ஒன்றாகவே திரிவார்கள் என்பதால் ஒழுங்கையின் மற்றப் பிள்ளைகளையும் அழைத்துவந்தார்கள். செவ்வாய் ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை, புதன் போகவில்லை. கத்தி, நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் உயரத்துக்குப் போயின. ஷாமிலா நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வியாழன் காலை ஹியூபேட்டுக்குப் பொறுமை போனது. பிள்ளைக்குத் தானே பள்ளிச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, சப்பாத்துக் கட்டினார். "எத்தனை நாளைக்கு இப்பிடிப் பூட்டி வைக்கிறது? ஒண்டும் நடக்கேல்ல. வான் வந்திட்டுது, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று கையைப் பிடித்தார். ஷாமிலா மற்றக் கையைப் பிடித்தாள். பிள்ளை நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த மயிலம்மா வாசற்படியில் குறுக்காக இருந்துகொண்டாள்.

"எழும்புங்கோ அக்கா, நேரமாகுது."

"எந்திரிக்க மாட்டேன் சேர். போறதுன்னா என்னைய மிதிச்சிட்டுப் போங்க."

ஹியூபேட் மிதிப்பதற்குக் காலைத் தூக்கினார் என்று பிறகு அவரே சொன்னார். அந்த நேரம் ஒழுங்கை முனையில் பூமி அதிர்ந்தது. துறைமுகத்துக்குப் போன கொள்கலன் லொறி ஒன்று பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் உருண்டு வந்து, பிள்ளைகள் வானுக்குக் காத்து நிற்கும் சீமெந்துக் கட்டின் மேல் ஏறி நின்றது. கட்டு இருந்த இடத்தில் சக்கரம் இருந்தது. அங்கே ஒருவரும் நிற்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற வானின் கண்ணாடி மட்டும் நொறுங்கியது. லொறிச் சாரதி நெற்றியில் இரத்தத்தோடு இறங்கி, பள்ளிக்கூட வானைக் கண்டு, "ளமய் கோ? ளமய் கோ?" என்று பிள்ளைகளைத் தேடிச் சக்கரங்களுக்குக் கீழே தவழ்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் வீடுகளில் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லி விளங்கவைக்க நேரம் எடுத்தது. அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். ஹியூபேட் வாசலில் மயிலம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நிலூஷா, "இண்டைக்கும் ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அலுவலகத்தில் ஒருவர் மவுண்ட் லவீனியாவில் நல்ல வீடு ஒன்று இருக்கிறது என்று சொன்னதை ஹியூபேட் வீட்டில் வந்து சொன்னார். தான் போக விரும்புகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஷாமிலா பீங்கானைக் கழுவிக்கொண்டே யோசித்தாள்.

"அங்க போனாலும் பயம்தான். இஞ்ச எண்டால் என்னோட சேர்ந்து பயப்பிட ஆக்கள் இருக்கினம். இஞ்சயே இருப்பம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வீடு பார்க்கவில்லை. போன பங்குனியில் ஒரு மத்தியானம், ஷாமிலா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பிள்ளையின் வீரிடல் கேட்டது. நிலூஷா பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஷாமிலா கத்தியை உயரத்தில் வைத்துவிட்டுச் செதில் கையோடு வெளியே ஓடினாள். சத்தம் முனை வீட்டு ஸீனத்தின் மகனுடையது. அவன் அப்போது பாயில் நித்திரையாகக் கிடந்தான். வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அயன் பொக்ஸை எடுத்தார்கள், கதிரைகளை வெளியே கொண்டுபோனார்கள், வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள், ஜன்னல் கொக்கியைக் கழற்றினார்கள், ஸீனத்தின் தையல் மெஷினை நாலு பேர் தூக்கி ஒழுங்கையில் வைத்தார்கள். கடைசியில் அறையில் பாயும் பிள்ளையும் மட்டும் மிஞ்சின. மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஸீனத் தலைமாட்டில் இருந்தாள். ஷாமிலா அவன் கால்மாட்டில் குந்தி, அவன் எழும்பும்வரை அங்கேயே இருந்தாள்.