முசியேவின் மண்வெட்டி

"அவன் மம்முட்டி எங்க இருக்குது?" என்று கேட்டார் சுப்பிரமணியன்.

கேட்டவர் கணவனின் அண்ணன். கேட்கப்பட்டவள் செல்வாம்பாள், கணவனை மண்ணுக்குக் கொடுத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாதவள். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பை விடாமல் திரும்பிப் பார்த்தாள். வாசலில் தெரு ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நாட்டாமை சக்கரபாணி.

"மம்முட்டி எதுக்கு மாமா? தண்ணியே இல்ல. எந்த வாய்க்காலை வெட்டப் போறீங்க?"

சுப்பிரமணியன் தரையைப் பார்த்தார். கேட்கத் தெரிந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. சக்கரபாணிதான் சொன்னார்.

"ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா. தணிகாசலத்தைத் தோண்டியெடுத்து எரிச்சிடறதுன்னு தெருவுல பேசி முடிவாயிடுச்சி. வெள்ளை கண்ட ஒடம்பு மண்ணுக்குள்ள கெடக்கற வரைக்கும் மழை எறங்காது. உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது. சரி, உங்க ஊட்டுல மம்முட்டி இல்லியா?"

மண்வெட்டி இல்லாத வீடு உழவர்கரையில் ஏது? ஆனால் அந்த உடம்பைத் தொட்ட மண்வெட்டியை அப்புறம் எவன் தன் வீட்டுக்குள் வைப்பான்? அதனால் செத்தவனின் மண்வெட்டியாலேயே செத்தவனைத் தோண்டுவது என்று யோசனை செய்திருந்தார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறிக்கும் சாமானையும் விழுந்தவனே கொடுக்க வேண்டியிருந்தது.

தணிகாசலம் பிறக்கும்போது எல்லோரையும் போல மாநிறமாகத்தான் பிறந்தான். மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் உதட்டோரம் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. பிறகு கை, கழுத்து, முழங்கால் என்று பரவியது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, இது குஷ்டமில்லை, யாருக்கும் ஒட்டாது, தோலில் சாயம் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். டாக்டர் சொன்னது உழவர்கரை வரைக்கும் வந்து சேரவில்லை. டீக்கடையில் அவனுக்குத் தனித் தம்ளர் வந்தது. பக்கத்துத் தறிக்காரன் பிடித்த பிடிவாதத்தில் வேலை போயிற்று. பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவது போல 'முசியே' என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது, "எல்லா வெள்ளைக்காரனும் கப்பலேறிட்டான், நம்ம முசியே மட்டும் கொல்லையில கேவுரு நடறான்" என்று தெருவே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான், பாவம்.

அவன் பங்குக்கு வந்தது மேட்டுக் கொல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தங்காத செம்மண். அங்கே அவன் வேறு மாதிரி வெள்ளாமை செய்தான். பயிர் வாடிச் சாகும்போது மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்காருவார்கள். இவன் சாகாமல் நின்ற கேழ்வரகுத் தூர்களைத் தேடிப் போய்த் துணி கட்டி வைப்பான். அந்தக் கதிர்தான் அடுத்த வருஷத்து விதை. நாற்றங்காலுக்கே தண்ணீரைக் குறைத்துவிடுவான். "செல்லம் குடுத்து வளத்தா நாளைக்கு நமக்குத்தான் கஷ்டம்" என்பான். ஊடே மொச்சை போட்டு மண்ணுக்கு நிழல் கொடுப்பான். இப்படி வருஷா வருஷம் பொறுக்கிப் பொறுக்கி, ஒரு மழையில் முளைத்து இன்னொரு மழைக்கு ஏங்காத கேழ்வரகு அவன் கைக்கு வந்துவிட்டது. காய்ந்த வருஷத்திலும் மணி திரண்டிருக்கும். கூழ் காய்ச்சினால் மணம் நாலு வீடு போகும்.

அந்த விதையைக் கூடையில் சுமந்து வீடு வீடாகப் போனான். சும்மா தருகிறேன் என்றான். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை.

"முசியே கை பட்ட வெதைய வெதச்சா பயிரு வெளுத்துப் போவும்" என்றார்கள்.

போன கார்த்திகையில், விடாமல் மழை கொட்டிய நாளில், காய்ச்சல் கண்டு செத்துப்போனான். வெள்ளை கண்டவனை எரிக்கத்தான் வேண்டும், புதைக்கக் கூடாது என்பது தெருவின் வழக்கம். ஆனால் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. குடை பிடித்து நின்ற இதே சக்கரபாணி, "இது எங்க எரியும், அவன் கொல்லையிலயே பொதைச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். சாஸ்திரத்தைவிட அன்று அவருக்கு வேட்டி நனையாமல் இருப்பது பெரிதாக இருந்தது.

அந்த மழையோடு வானம் வாயை மூடிக்கொண்டது. ஆடியில் ஒரு மழை ஆசை காட்டிவிட்டுப் போனதோடு சரி, இந்த ஐப்பசி பாதி போயும் ஒரு தூறல் இல்லை. நெல் நாற்று கருகிவிட்டது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி தொட்டால் நொறுங்கியது. கிணறுகளில் பாறை தெரிந்தது. செல்வாம்பாள் ஒற்றை ஆளாக நட்ட மேட்டுக் கொல்லை மட்டும் பச்சையாக நின்றது. அந்தப் பச்சைதான் இப்போது குற்றமாகிவிட்டது.

"நீங்கதான நாட்டாமக்காரரே பொதைக்கச் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"சொன்னேன். தப்புத்தான். அந்தத் தப்பைத்தான் இப்ப சரி பண்றோம். நீயே பாரு, ஊரெல்லாம் காஞ்சி கெடக்குது, அவன் படுத்திருக்கற கொல்ல மட்டும் எப்பிடிப் பசுமையா இருக்குது? ஊரு ஈரத்தையெல்லாம் உள்ள இழுத்துக் குடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கறான்."

"அது அவரு பொறுக்கின வெதை. தண்ணியில்லாம நிக்கும்னு வாசல் வாசலா வந்து சொன்னாரு. நீங்க வாங்கியிருந்தா உங்க கொல்லையும் இப்பிடித்தான் இருக்கும்."

"வெதையாம் வெதை" என்றான் பின்னால் நின்ற ஒருவன். அவன் அதே தெருவிலிருந்த ஆதிலட்சுமியின் புருஷன். ஆதிலட்சுமிக்குப் பால் வற்றிப்போய்க் கைக்குழந்தை கத்தியபோது, செல்வாம்பாளின் பின்வாசலில் வந்து கூழும் மொச்சையும் வாங்கிக் குடித்துத்தான் பால் ஊறிற்று. பின்வாசலில் வாங்கினால் எதுவும் வெளுக்காது போலிருக்கிறது.

செல்வாம்பாளுக்கு அழுகை வந்தது. அழுதால் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று அவர்கள் காத்திருப்பது தெரிந்து அடக்கிக்கொண்டாள். கும்பிட்டுக் கேட்டாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளு அவரை நிம்மதியா இருக்க வுடல. படுத்த எடத்துலயாவது வுட்டுடுங்க. அந்த மூலையிலதான் இந்த வருசம் நல்ல கதிரு புடிச்சிருக்குது. மிதிச்சீங்கன்னா வெதைக்கு ஒண்ணும் தேறாது. கதிரு முத்தற வரைக்குமாவது பொறுங்க."

"உனக்குக் கதிரு. எங்களுக்கு ஊரு" என்றார் சக்கரபாணி.

"செத்த ஒடம்புக்கு வலிக்கவா போவுது செல்வா?" சுப்பிரமணியன் மறுபடி வாயைத் திறந்தார். "பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கறேன். தெருவைப் பகைச்சிக்க முடியுமா?" சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய், தம்பியின் மண்வெட்டியை அவரே எடுத்து வந்தார். எங்கே இருக்கும் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். அவளே கையால் கொடுத்தால் பாவம் அவள் தலையோடு போகும் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

கொல்லைக்கு வரப்பு இருந்தது. வரப்பில் நடந்தால் நேரமாகும் என்று பயிருக்குள்ளேயே நடந்தார்கள். பால் பிடித்து முடித்து இறுகிக்கொண்டிருந்த கதிர்கள் காலடியில் முறிந்தன. செல்வாம்பாள் பின்னாலேயே போனாள். பொம்பளை வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "இது என் கொல்ல" என்றாள். கையில் அரிவாள் இருந்ததால் யாரும் கிட்டே வரவில்லை. அவர்கள் பயந்த மாதிரி அவள் ஒன்றும் செய்யவில்லை. மிதிபட்ட பயிரிலிருந்து முற்றிய கதிர்களாகப் பார்த்துப் பார்த்து அறுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவளுடைய கை ஒரு கணம் நின்று, பிறகு அறுத்தது.

பாயோடு சேர்த்துத் தூக்கினார்கள். பாய் மக்கியிருந்தது. எலும்புதான் வந்தது.

செல்வாம்பாள் எழுந்து வந்து குழிக் கரையில் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். "எதுல வெள்ள இருக்குது, எதுல இல்லன்னு பிரிச்சிச் சொல்லுங்க. வெள்ளை இருக்கறத மட்டும் எரிங்க. மத்தத நான் திரும்பப் பொதைச்சிக்கறேன்."

ஆதிலட்சுமியின் புருஷன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தூரப் போய் நின்றுகொண்டான். மற்றவர்கள் நாட்டாமையைப் பார்த்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய அண்ணன் பின்வாங்கியதில் சக்கரபாணியே மண்ணெண்ணெய் டின்னை வாங்கிக் கவிழ்த்தார், குச்சியைக் கிழித்தார். குப்பென்று பிடித்த நெருப்பு அவருடைய மணிக்கட்டையும் முன்கையையும் நக்கிவிட்டுப் போயிற்று. அவர் அலறிக்கொண்டு கையை உதறினார். காய்ந்த விறகு வேண்டுமளவு இருந்ததால் இந்தத் தடவை தணிகாசலம் நன்றாகவே எரிந்தான்.

மறுநாள் சாயங்காலம் புழுதி அடங்குகிற மாதிரி ஒரு தூறல் விழுந்தது. தெருவில் தேங்காய் உடைத்தார்கள். "பாத்தியா?" என்று செல்வாம்பாளிடம் வந்து சொல்லிவிட்டும் போனார்கள். அதற்கப்புறம் கார்த்திகை போயிற்று, தை போயிற்று, மழை வரவில்லை. சின்னச் சின்ன எலும்பு ஏதாவது மண்ணில் தங்கியிருக்கும், அதனால்தான் என்று பேசிக்கொண்டார்கள். வழக்கம் எந்தக் காலத்தில் தன் மேல் தப்பை ஏற்றுக்கொண்டது?

கோடையில் தெரு முழுக்க விதைத் தானியத்தைக் குத்தித் தின்று தீர்த்தது. வேறு வழியில்லை, குழந்தைகளுக்குக் காலும் முகமும் வீங்க ஆரம்பித்திருந்தது. ஆடியில் ஒரு மழை பெய்தது. ஒரே மழை. ஏர் ஓட்டலாம், ஆனால் விதைக்க ஒரு வீட்டிலும் மணி இல்லை. செல்வாம்பாளிடம் மட்டும், அன்று மடியில் அறுத்துச் சேர்த்தது ஒரு கூடை நிறைய இருந்தது. பசித்தபோதும் அதில் அவள் கை வைக்கவில்லை.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். சாயம் போன தோலும், பயிர் வெளுக்கும் என்ற பேச்சும் முதலில் பறந்தன. ஒரு காலையில் அவள் வாசலில் தெருவே வரிசையாக நின்றது.

வரிசைக்கு முதலில் சக்கரபாணி. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தார். பங்குனியிலிருந்தே அப்படித்தான். கூடையின் பக்கம் பையை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. செல்வாம்பாள் பார்த்துவிட்டாள். நெருப்புப் பட்ட இடம் ஆறி, மணிக்கட்டிலிருந்து மேலே வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சுட்ட காயம்மா" என்றார் மெதுவாக. "காயந்தான். வேற ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவளும் மெதுவாக. "அவங்க நம்புவாங்களா?"

அவருடைய கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் அதுவரை கண்டதில்லை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அன்று அந்தக் குழிக் கரையில் நின்றிருக்க வேண்டும்.

"நாட்டாமக்காரரே, எனக்குக் கை நோவுது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சட்டைக் கையை மடிச்சி வுட்டுக்கிட்டு நீங்களே எல்லாருக்கும் அள்ளிப் போடுங்க. இல்லன்னா சட்டைக்குள்ள வெதை பூந்துக்கும்."

"வேணாம் செல்வாம்பா. நல்லா இருப்ப."

"அவரு இதே கூடையில வாசல் வாசலாக் கொண்டாந்தாரு. யாரும் அவரு கையால வாங்கல. இன்னிக்கி உங்க கையால வாங்கட்டும். இல்லன்னா கூடை உள்ள போயிடும்."

அவள் கூடையின் மேல் கை வைத்தாள். பின்னால் பசித்தவர்கள் முணுமுணுத்தார்கள், என்ன தாமதம் என்று நெருக்கினார்கள். சக்கரபாணி பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார்.

வரிசை அப்படியே பின்வாங்கியது. முதலில் நகர்ந்தது அவருடைய சொந்தத் தம்பி மகன்.

"வேற மொறத்துல தனியா அள்ளிக் குடும்மா" என்றது ஒரு குரல்.

"வேற கூடையும் இல்ல, வேற கையும் இல்ல" என்றாள் செல்வாம்பாள். "ஆடி ஈரம் நாளைக்கு இருக்காது. வேணுங்கறவங்க வாங்க."

அப்புறம் ஆதிலட்சுமி இடுப்புக் குழந்தையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையை விரித்தாள். சக்கரபாணியின் வெள்ளைக் கை இரண்டு தடவை அள்ளிப் போட்டது. அவள் வாங்கி முடிந்துகொண்டு போனாள். அதைப் பார்த்து அடுத்தவள் வந்தாள், அடுத்தவன் வந்தான். வாங்கியவர்கள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கையைப் பார்த்தார்கள். தெருமுனை திரும்பியதும் பேச்சு தொடங்குவது வாசல் வரைக்கும் கேட்டது.

கூடையின் அடி தெரிந்தபோது சக்கரபாணியும் செல்வாம்பாளும் மட்டும் மிச்சம். அவருடைய பை காலியாகவே இருந்தது. கடைசி இரண்டு கை விதையை அவளே அதில் போட்டாள்.

"செல்வாம்பா" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "நான் போனா என்னை என்னா பண்ணுவாங்க?"

அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"மழை பேஞ்சா பொதைப்பாங்க, நாட்டாமக்காரரே. அப்பறம் மழை நின்னா தோண்டுவாங்க" என்றாள். "மம்முட்டிக்கு அலைய வேண்டாம். எங்கிட்டதான் இருக்குது."